நாலு நிமிடத்தில் அக்கரை

விடை சரியாக வந்துவிட்டால் விஷயம் முடிந்துவிட்டது என்று நம்புகிற ஓர் இனம் நம்மிடையே உண்டு. நிந்தவூர் இன்பாஸ் சேர் அதில் அசல் வித்து. உயர்தரப் பிள்ளைகளுக்குப் பௌதிகவியல் படிப்பிக்கிறவர். ஓடும் ஆற்றை வள்ளம் கடக்கும் கணக்கை இருபது வருடமாகப் பலகையில் கீறி, வள்ளத்துக்கு ஓர் அம்பு, ஆற்றுக்கு ஓர் அம்பு, இரண்டுக்கும் நடுவே சரிவாக இன்னோர் அம்பு என்று போட்டு, ஒருவரையும் நனையவிடாமல் கரை சேர்த்தவர். ஆற்றில் இறங்கியதுண்டா? எதற்கு?

போன பரீட்சைக்கு முதல்நாள் கடைசி வகுப்பெடுக்கச் சொறிக்கல்முனைக்குப் போனார். அடைமழையில் ரோட்டை வெள்ளம் மூடிவிட, அங்கேயே தங்கினார். காலையில், சோதனை எழுதப் போகும் மாணவி சுஜித்தாவோடு வள்ளத்தில் ஏறினார். வள்ளம் அவள் அப்பா நல்லரெத்தினத்துடையது.

"கரையால மேல கொஞ்சத் தூரம் இழுத்துப் போய், மறுகா விடுவம் சேர். அக்கரை ரோட்டடியில சரியா இறங்கலாம்."

"கால் மணித்தியாலம் வீணாகும் அண்ணன். நேரே குறுக்கால பிடிங்க. அதுதான் ஆகக் குறைஞ்ச நேரம்."

"தண்ணி இழுக்குமே?"

"இழுக்கட்டும். நேரத்துக்கும் அதுக்கும் சம்பந்தமில்ல."

மகளைப் படிப்பிக்கிற மனிதரோடு நல்லரெத்தினம் வாதாடவில்லை.

நாலே நிமிடம். கணக்கு ஒரு செக்கனும் பிசகவில்லை. இறங்கிய இடம்தான், ஓட்டோ காத்துநின்ற ரோட்டிலிருந்து ஐந்நூறு மீற்றர் கீழே, யாருடையதோ வயல். முழங்கால் சேற்றில் சுஜித்தா வெள்ளைச் சீருடையைச் சுருட்டிப் பிடித்துக்கொண்டு நடந்தாள். சேர் பின்னால் வந்தார்.

"பாத்தியா புள்ள, நேரம் சரி."

"கதைக்காம வாங்க சேர்."

மண்டபத்துக்குள் அவள் நுழையும்போது சோதனை தொடங்கி இருபத்தைந்து நிமிடம் போயிருந்தது. சோதனை முடியும்வரை சேர் வெளியே மழையில் நின்றார்.

"ரெண்டு கேள்வி விட்டுட்டன் சேர்," என்றாள், அவர் முகத்தைப் பாராமல். அன்று அவருக்குச் சோறு இறங்கவில்லை. ஏ எடுக்க வேண்டியவளுக்கு பி வந்தது.

திருந்தினாரா? அடுத்த வருடப் பிள்ளைகளுக்கும் அதே ஆறு, அதே அம்புகள். பஸ்னா என்ற பிள்ளை எழும்பிக் கேட்டாள்: "அக்கரையில சேறு கிடந்தா, சேர்?"

சேர் வெண்கட்டியை எடுத்தார். பலகையில் இருந்த கணக்கின் அடியில் அழகான எழுத்தில் எழுதினார்: "சேற்றைப் புறக்கணிக்குக."

சிரியுங்கள். ஆனால் நல்லரெத்தினம் வள்ளத்தை எத்தனை மீற்றர் மேலே இழுத்திருக்க வேண்டும் என்று நீங்கள் இதற்குள் மனதில் கணக்குப் போட்டுவிட்டீர்கள் என்றால், வெள்ள காலத்தில் தயவுசெய்து யாருடைய வள்ளத்திலும் ஏறாதீர்கள்.