சாயும் றெயில்

கொட்டியாரக்குடாவைச் சுற்றி மூதூருக்கு றெயில் விடுவதென்று ஒரு கம்பனி தோன்றிற்று. உலகச் சண்டை உச்சத்தில் நின்ற காலம். கம்பனியிடம் தண்டவாளம் இல்லை, எஞ்சின் இல்லை. ஆனால் பிரதம பொறியியலாளர் கனகசபை இருந்தார், அவருக்குச் சுழல் கதிரையும் இருந்தது. படம் கீறச் சோமசேகரம் இருந்தான். அவனுக்கு வேலை நிரந்தரமானால்தான் மகள் அன்னலட்சுமியைத் தருவேன் என்று மூதூர்ப் பக்கத்துக் கட்டைபறிச்சான் ஊர்க் குலசிங்கம் ஒற்றைக்காலில் நின்றார். பாவம், பெடியன் எதற்கும் தலையாட்டுவான்.

"தம்பி, சீமையில இப்ப வளைவில சாயிற றெயில்தான் நாகரிகம். எங்கட றெயிலும் சாயவேணும்," என்றார் கனகசபை.

"சாய்க்கிற பொறிக்கு இரும்பு வேணும், ஐயா. இரும்பெல்லாம் சண்டைக்குப் போயிட்டுது."

கனகசபை ஆழ்ந்து யோசித்தார். "சரி, றெயில் சாய ஏலாது. சனம் சாயலாம்தானே? எல்லாரும் ஒரு பக்கம் சாய்ஞ்சா றெயில் தானாச் சாயும்."

"ஓம், ஐயா." அன்னலட்சுமியை நினைத்துக்கொண்டுதான் சொன்னான்.

ஆகவே 'பயணிகள் சாய்தல் தொடர்பான ஒழுங்குவிதிகள்' பிறந்தன. ஒரு விசிலுக்கு இடப்பக்கம், இரண்டு விசிலுக்கு வலப்பக்கம். கடற்கரையில் றெயில் இருக்கைகள்போல வாங்குகளை அடுக்கிப் பயிற்சி நடந்தது. கம்பனிக் கந்தோர்க்காரர் சாய்ந்தார்கள், அதைப் பார்த்துக் கடைக்காரரும் சாய்ந்தார்கள். நிமிர ஒரு விசிலும் விதிக்கப்படாததால், தேத்தண்ணி வந்தால் நிமிர்ந்தார்கள். நேராக இருக்கிறவனைப் பட்டிக்காட்டான் என்று ஊர் சிரித்தது. குலசிங்கமும் சொந்தபந்தத்தோடு குடாவின் அக்கரையிலிருந்து தோணியேறி வந்து பழகிக்கொண்டு போனார்.

"கலியாணப் பந்தலில வைச்சு உன்னை நிரந்தரமாக்கிறன்," என்று கனகசபை வாக்குக் கொடுக்க, நாளும் வைத்தாயிற்று.

மாப்பிள்ளையும் கந்தோர்ச் சனமும் வள்ளக்காரன் முத்தலிப்பின் வள்ளத்தில் பெண்வீட்டுக்குப் புறப்பட்டார்கள். மூதூர்க் கரையில், வள்ளம் இடுப்பளவு தண்ணீருக்கு வந்தபோது, எங்கோ ஒரு போர்க்கப்பல் இரண்டு முறை ஊதிற்று.

எல்லாரும் வலப்பக்கம் சாய்ந்தார்கள். முதலில் சாய்ந்தது மாப்பிள்ளைதான்.

"யா அல்லாஹ், ஆடாம இரிங்க!" என்று முத்தலிப் கத்தி முடிக்குமுன் வள்ளம் கவிழ்ந்தது.

சால்வையைக் கடல் கொண்டுபோக, கனகசபை தண்ணீருக்குள்ளிருந்து எழும்பினார். "வெற்றி! சாய்வு பரிபூரணம்! சோமசேகரம், இந்த நிமிசத்தில இருந்து நீர் நிரந்தரம்!"

சோமசேகரத்துக்குச் சந்தோசத்தைவிடப் பயம்தான் கூட. நனைந்த மாப்பிள்ளைக்கு மாமா பெண் தருவாரோ? கரையேறிப் பார்த்தான். வரவேற்கப் பாயில் இருந்த பெண்வீட்டார் அத்தனைபேரும், தட்டங்கள் கொட்டுண்டு, அதே ஊதலுக்கு வலப்பக்கம் சாய்ந்து கிடந்தார்கள்.

"மாப்பிள்ளை, வேலை நிரந்தரமோ?" என்றார் கிடந்தபடியே குலசிங்கம்.

"ஓம், மாமா."

"நல்லது. அப்ப நாங்கள் எப்ப நிமிருறது?"

சோமசேகரம் வேட்டியைப் பிழிந்தான், தொண்டையைச் செருமினான். "அதுக்கு ஒரு குழு போடவேணும், மாமா. உத்தரவு வருமட்டும் அப்பிடியே இருங்கோ."

அவர்களும் இருந்தார்கள்.