லேப்டாப்புக்கு வைத்த பொட்டு

பீப், பீப், பீப் என்று மூன்று முறை கத்திவிட்டு ஆதிமூலத்தின் லேப்டாப் மறுபடியும் கண்ணை மூடிக்கொண்டது.

"இன்னா ஜோசியரே, ரெண்டே நிமிஷம்னு போன்ல சொன்னீங்க?" என்றார் ராணியம்மாள்.

பேரக்குழந்தைக்கு ஜாதகம் போட, கீழ்பென்னாத்தூரிலிருந்து வேன் வைத்துப் பதினோரு பேரோடு வந்திருந்தார். போன பௌர்ணமிக்கு வந்தபோது ஒரு ஜாதகத்துக்கு முக்கால் மணி நேரம் ஆனது. "அடுத்த தபாவும் இப்பிடி இழுத்தா டவுன்லயே பாத்துக்கறோம்" என்று அன்றே சொல்லியிருந்தார். அந்த வகையறாவில் வருஷத்துக்கு ஏழெட்டுப் பிள்ளை பிறக்கும். ராணியம்மாள் போனால் அத்தனை ஜாதகமும் போச்சு.

ஆதிமூலம் அடி அண்ணாமலையில், கிரிவலப் பாதையோரம் கம்ப்யூட்டர் ஜாதகம் போடுகிறவர். லேப்டாப்புக்குப் பதினைந்து வயது. ஊருக்கெல்லாம் எதிர்காலம் சொல்லும், ஆனால் நிகழ்காலத்தில் நகராது. அதனால்தான் நேற்று வேங்கிக்கால் மெக்கானிக் சரவணகுமாரிடம் புது மெமரி வாங்கி வந்தார். விரல் நீளத்தில் ஒரு பச்சை அட்டை, ஓரத்தில் வரிசையாகத் தங்க நிறப் பற்கள். காலையில் மனைவி தனம் அதற்குப் பூஜை போட்டு, பல்லெல்லாம் சந்தனம் குங்குமம் அப்பிக் கொடுத்தாள். ஜோசியர் கண்ணில் ஒற்றிக்கொண்டு அப்படியே மாட்டினார்.

பக்கத்து டீக்கடையிலிருந்து தனம் எட்டிப் பார்த்தாள். அது அவள் கடை. ஜாதகத்துக்குக் காத்திருப்பவர்கள் உட்கார அவள் பெஞ்சை விட்டால் வேறு இடம் கிடையாது.

"ஏங்க, ஞாயித்துக்கெழமை ராகு காலத்துல ஆன் பண்ணா எப்பிடி வரும்? ஆறு மணி ஆவட்டும்."

ஜோசியருக்கே ராகு காலம் மறந்துபோனது மகா வெட்கம். லேப்டாப்பை மூடி வைத்தார். பன்னிரண்டு பேரும் பெஞ்சுக்கு நகர்ந்தார்கள். டீ வந்தது. கூடவே பஜ்ஜியும் வந்தது.

ஆறு மணி. பீப், பீப், பீப்.

"பொட்டு பத்தலியோ இன்னாவோ" என்றாள் தனம். சந்தனத்தை இன்னும் கொஞ்சம் குழைத்து, தண்ணீர் ஜாஸ்தியாகவே விட்டு, தாராளமாகப் பூசினாள். ஆதிமூலம் பயபக்தியோடு மாட்டினார். இப்போது லேப்டாப் கத்தக்கூட இல்லை.

"பழைய மெமரிய எடு தனம். நொண்டினாலும் ஓடுமே!"

"இந்தாங்க. பழசு கோவிச்சுக்கக் கூடாதுன்னு அதுக்கும் வெச்சுட்டேன்."

அதுவும் ஓடவில்லை. அடுத்த ஈடு பஜ்ஜி பெஞ்சுக்குப் போனது. குழந்தை வீறிட்டது. ராணியம்மாள் எழுந்து சேலையை உதறினார்.

"வேனை எடுக்கச் சொல்லு. டவுனுக்கே போலாம்."

ஆதிமூலம் ஓடிப்போய் வழியை மறித்தார். "அம்மா, அஞ்சே நிமிஷம், உங்க கால்ல வேணா விழறேன்!" என்று கெஞ்சி, சரவணகுமாருக்குப் போன் போட்டு ஸ்பீக்கரில் வைத்தார். நடந்ததைக் கேட்டு மெக்கானிக் சிரித்தான்.

"பல்லுல சந்தனமா! நல்லாத் தொடைச்சிக் காய வெச்சி, ரப்பர்ல தேச்சி மாட்டுங்கண்ணே. நான் லைன்லயே இருக்கேன்."

துடைத்தார், காய வைத்தார், தேய்த்தார், மாட்டினார். திரை பளிச்சென்று எரிந்தது. ரெண்டே நிமிஷத்தில் ஜாதகம் பிரிண்டரில் வந்து விழுந்தது. ராணியம்மாள் வாயைப் பிளந்தார்.

"இப்பிடின்னா இங்கியே வரோம் ஜோசியரே!"

ஆதிமூலத்துக்குப் போன உயிர் வந்தது. பெருமையாகப் போனைப் பார்த்துச் சொன்னார்: "மனசுல ஒண்ணும் வெச்சுக்காத சரவணா. உங்க அண்ணி வெகுளி. சாமி, பூஜை, இதத் தவிர அவளுக்கு ஒண்ணும் தெரியாது."

பஜ்ஜித் தட்டோடு வந்த தனம் பாதி வழியில் நின்றுவிட்டாள்.

"வெகுளியா?" என்றது ஸ்பீக்கர். "எந்த இடத்துல சந்தனம் பட்டா ஓடாதுன்னு நேத்து அண்ணிதாண்ணே போன் போட்டு ரெண்டு தபா கேட்டுக்கிட்டாங்க!"