அரளி என்று நான் சொன்ன செடி

தெரியாது என்று சொல்ல ஒரு நொடி போதும். ஆனால் பெண் பார்க்கப் போன இடத்தில் அந்தச் சொல் எந்த ஆம்பளை வாயிலிருந்தும் வராது. (வந்தால் சொல்லுங்கள், அந்த ஆளை நேரில் வந்து பார்க்கிறேன்.)

மயிலாப்பூரிலிருந்து அடையாறுக்கு அப்பா, அம்மாவோடு போயிருந்தேன். நித்யா காலேஜில் தாவரவியல் சொல்லிக்கொடுப்பவள். போட்டோவைப் பார்த்த அன்றே எனக்குப் பிடித்துவிட்டது; அவளுக்கு என்னைப் பிடிக்கவேண்டுமே என்பதுதான் கவலை. "ரெண்டு பேரும் கொஞ்சம் பேசிட்டு வாங்க" என்று பெரியவர்கள் வெளியே அனுப்பினார்கள்.

பக்கத்துக் காலி மனையில் ஆள் உயரத்துக்குப் புதராக ஒரு செடி. உடம்பெல்லாம் மஞ்சள் பூ.

"இது என்னன்னு தெரியுமா?" என்றாள் நித்யா.

"தெரியாம என்ன? அரளி."

மஞ்சளாகப் பூக்கிற செடியில் எனக்குத் தெரிந்த பெயர் அது ஒன்றுதான். அவள் சிரிக்கவில்லை. "இலையைக் கசக்கி மோந்து பாருங்க" என்றாள். (பரீட்சை நடக்கிறது என்று இந்த மரமண்டைக்கு உறைக்கவே இல்லை.) நானும் பெரிய நிபுணர் மாதிரி நாலு இலையைப் பறித்துக் கசக்கி, "ம்ம், அரளியேதான்" என்றேன்.

உள்ளே வந்ததும் அவள் அம்மா சுடச்சுட வாழைக்காய் பஜ்ஜி நீட்டினார். கை கழுவ எழுந்தால் பந்தா பண்ணுகிறான் என்று நினைப்பார்களோ என்று, அப்படியே எடுத்துக் கடித்தேன். அப்படி ஒரு கசப்பு. அப்போதுதான் ஞாபகம் வந்தது, அரளி விஷமாச்சே!

பஜ்ஜியைத் தட்டிலேயே துப்பி, "விஷம்... ஆஸ்பத்திரி..." என்று உளறினேன்.

"புது எண்ணெய்தாங்க" என்று அவள் அம்மா வெலவெலத்துப் போனார். என் அம்மா அழவே ஆரம்பித்துவிட்டாள். நித்யாவின் அப்பா கார் சாவியைத் தேடி ஓடினார்.

நித்யா மட்டும் நிதானமாகச் சொன்னாள். "அது அரளி இல்லீங்க, காட்டுச் சூரியகாந்தி. இலை கசக்கும், அவ்வளவுதான். அரளி இலை ஒடுக்கமா நீளமா இருக்கும். இது விரலை விரிச்ச கை மாதிரி இருக்கு. பூவையாவது உத்துப் பார்த்திருக்கலாம். அது ஒரு பூவே இல்ல, குட்டிக் குட்டிப் பூவெல்லாம் சேர்ந்த கொத்து."

நாக்கைக் கைக்குட்டையால் துடைத்தபடியே முழு வகுப்பையும் கேட்டேன்.

திரும்பும் வழியெல்லாம் நாக்கைத் துடைத்துக்கொண்டே வந்தேன். எல்லாம் போச்சு என்று எனக்கு அழுகையே வந்தது. மறுநாள் அவளே போன் செய்தாள்.

"எனக்குச் சம்மதம்."

"எப்படிங்க?"

"பொய் சொன்ன சூட்டோட நீங்களே மாட்டிக்கிறீங்க. இந்த மாதிரி ஆள் வேற எங்க கிடைப்பாங்க?"

இன்றும் மாமியார் பஜ்ஜி போட்டால், என் தட்டுக்கு முன்னால் ஒரு சொம்புத் தண்ணீர் வரும். "மாப்பிள்ளை, கைய நீட்டுங்க" என்பார். என் மகள் சோப்போடு தயாராக நிற்பாள். மானம் போகிறதுதான். ஆனால் பஜ்ஜி பிரமாதமாக இருக்கும்.