சம்மதம் கேட்டு வந்த வண்டி

வெண்குடை நாட்டில் மழை பெய்தால் அது மன்னரால். பெய்யாவிட்டால் அது எதிரிகளால். இது அங்கே சட்டம். அந்த நாட்டின் மலைக்கோடியில் ஈச்சங்காடு என்றொரு ஊர் இருந்தது. வரி கேட்கிறவன் தவறாமல் வருவான். வைத்தியர் வந்ததே இல்லை.

அந்த ஊரில் வெள்ளச்சி என்றொருத்தி. ஐந்து பெற்று மூன்றைக் காப்பாற்றியவள். கடைசிப் பேற்றில் உதிரம் நிற்காமல், பிழைத்ததே பெரும்பாடாகிவிட்டது. இன்னொன்று உண்டானால் உயிர் தங்காது என்று மருத்துவச்சி சொல்லிவிட்டாள். அதனால், கருத்தடை செய்யும் அரசாங்க வண்டி மலையேறி வருகிறது என்று தண்டோரா கேட்டதும் முதல் ஆளாகப் போய் நின்றாள்.

வண்டியில் வந்த அதிகாரி, கணவர் நேரில் வந்து சம்மதம் சொல்ல வேண்டும் என்றார். ஊரில் கணவர் என்று ஒருவரும் இல்லை. மன்னர் பெயரில் கால்வாய் வெட்ட எல்லா ஆண்களையும் சமவெளிக்கு ஓட்டிப் போயிருந்தார்கள்.

"உசுரு என்னுதுங்க சாமி. அவரு சம்மதம் எதுக்கு?" என்றாள் வெள்ளச்சி.

"உயிர் உன்னுடையதுதான் அம்மா. உடம்புக்கு உரியவர் சம்மதிக்க வேண்டும்" என்றார் அதிகாரி. வண்டி திரும்பிப் போயிற்று.

செய்தி கேட்டு மன்னர் மனம் உருகினார். சட்டத்தை மாற்றலாமே என்று வாய் திறந்த இளைய அமைச்சரைக் குதிரை லாயத்துக்கு மாற்றினார்கள். சம்மதம் சொல்லிவிட்டு வர, மலை ஆண்கள் அனைவருக்கும் ஒரு மாத விடுப்பு என்று ஆணை பிறந்தது. வழிநெடுக மாலை, மேளம், மன்னரின் கருணையைப் போற்றும் பாட்டு. ஊர்வலத்தில் தோரணம் ஏற்ற வண்டி போதாமல் வைத்திய வண்டியையும் எடுத்துக்கொண்டார்கள்.

ஆண்கள் சம்மதத்தோடு மாதம் முழுக்க வீட்டில் காத்திருந்தார்கள். வண்டி வரவில்லை. நெடுநாள் கழித்து வீடு வந்தவர்களைச் சும்மா இருக்கும்படி எந்தச் சட்டமும் சொல்லவில்லை. வெள்ளச்சி மட்டும் மருத்துவச்சி வீட்டில் போய்ப் படுத்தாள். வந்த புருஷனை விட்டு ஓடுகிறாளே என்று ஊர் சிரித்தது. மாமியார் கையைப் பிடித்து இழுத்து வந்தாள்.

ஆண்கள் கால்வாய்க்குத் திரும்பிய பிறகு, தோரணம் அவிழ்த்த வண்டி வந்தது. ஊரே வாந்தி எடுத்துக்கொண்டிருந்தது. கர்ப்பிணிகளுக்குக் கருத்தடை இல்லையென்று சொல்லி அதிகாரி இறங்காமலே போய்விட்டார்.

வெள்ளச்சி பிள்ளையைப் பெற்றாள். அது அழுததை அவள் கேட்டாளா என்று மருத்துவச்சிக்கே தெரியவில்லை. சாக வேண்டியவளே இல்லை அவள்.

அரசவையில் நலத்துறை மந்திரி எழுந்தார். "ஈச்சங்காட்டில் கருத்தடை கேட்டு நிற்பவர் இன்று ஒருவர்கூட இல்லை, அரசே. தேவை முழுவதும் தீர்ந்தது."

முதலில் கேட்ட அந்தப் பெண் என்ன ஆனாள் என்று மன்னர் விசாரித்தார்.

"அவரும் இனிமேல் பெறமாட்டார், அரசே. பயனடைந்தோரில் அவரையும் சேர்த்துவிட்டோம்."

மன்னர் மகிழ்ந்து, திட்டத்தை மற்ற மலைகளுக்கும் உடனே விரிவுபடுத்தச் சொன்னார்.