படுதாவின் மேல் ஒரு முட்டை

என் வீட்டுக்காரர் மணிவண்ணன் ஒரு யோக்கியமான சின்ன வெங்காய விவசாயி. அவர் கெட்டுப்போனது ஒரு கல்லால். அரசாங்கக் காகிதங்களில் 'மேற்படி முட்டை வடிவப் பொருள்' என்று குறிப்பிடப்படும் அந்தக் கல் என்னவென்று முதலிலேயே சொல்லிவிடுகிறேன். அது ஆட்டுக்கல் குழவி.

குன்னம் பக்கம் எங்கள் ஊருக்கு விலையில்லா கிரைண்டர் வந்தபோது, வீட்டுக்கு வீடு ஒரு குழவி வேலையிழந்தது. சில குழவிகள் கதவுக்கு முட்டுக் கொடுத்தன. சில லாரிச் சக்கரத்துக்கு அடியில் போயின. எங்கள் வீட்டுக் குழவியில் மட்டும் கரண்ட் போகிற நாளில் நான் மாவாட்டிக்கொண்டிருந்தேன். கைப்பிடிக் கட்டை உளுத்து விழுந்ததும் அதுவும் ஓய்வுபெற்று, வெங்காயப் பட்டறைக்கு மாற்றலாகிப் போனது.

பட்டறை என்றால், மூங்கில் பரப்பி, அதன்மேல் காற்றோட்டமாக வெங்காயத்தைக் குவித்து வைப்பது. அடுத்த நடவுக்கு விதையும் அதுதான், எங்கள் வருஷச் சாப்பாடும் அதுதான். வெயிலடித்தால் படுதாவைச் சுருட்டி ஓரத்தில் வைத்துக் கல்லேற்ற வேண்டும். மேகம் கூடினால் கல்லை எடுத்துவிட்டுப் படுதாவை விரிக்க வேண்டும். இவ்வளவுதான் விஞ்ஞானம். நனைந்த வெங்காயம் மூன்றாம் நாள் நாறும்.

இவர் 'வெங்காய நண்பன்' என்று ஒரு சேனல் வைத்திருந்தார். திருகல் நோயை எப்படிக் கண்டுபிடிப்பது, விதைக்காயை எப்படித் தரம் பிரிப்பது என்று பொறுமையாகச் சொல்லுவார். "வணக்கங்க" என்று ஆரம்பித்து "வரேங்க" என்று முடிப்பார். நாற்பது பேர் பார்ப்பார்கள். அதில் பாதிப்பேர் எங்கள் இரண்டு பக்கத்துச் சொந்தக்காரர்கள். அவர்களும் கல்யாண வீட்டில் முகம் கொடுக்க வேண்டுமே என்றுதான் பார்த்தார்கள்.

இந்த நிலையில்தான் 'மழையிலிருந்து பட்டறையைக் காப்பது எப்படி' என்று ஒரு வீடியோ போட்டார். சுருட்டிய படுதாவின் மேல் குழவி உட்கார்ந்திருக்க, பக்கத்தில் நின்று பன்னிரண்டு நிமிஷம் பேசினார். யாரோ ஒரு புண்ணியவான் கீழே எழுதினான்: "ப்ரோ, பின்னாடி இருக்கிறது டைனோசர் முட்டையா?"

அரியலூர் பக்கம் மண்ணுக்கடியில் கல்லாய்ப்போன உயிரெல்லாம் கிடைக்கிறது என்று பள்ளிக்கூடத்திலேயே படித்திருக்கிறோம். அதனால் உருண்டையாக எதைப் பார்த்தாலும் எங்கள் ஜனங்களுக்கு ஒரு பெருமிதம் வந்துவிடும். ஒரே வாரத்தில் எட்டு லட்சம் பேர் பார்த்தார்கள். பட்டறையை அல்ல, குழவியை.

"ஏங்க, அது குழவின்னு ஒரு வார்த்தை எழுதிப் போடுங்க" என்றேன்.

"எழுதலாம் கலை. எழுதினா எட்டு லட்சமும் போயிடும்."

"போனா என்ன? நேத்து வரைக்கும் இல்லாததுதானே?"

இவர் என்னை இரக்கத்தோடு பார்த்தார். எட்டு லட்சம் பேரைப் பெற்ற ஒருவர், ஒரு பிள்ளையைப் பெற்றவளைப் பார்க்கிற பார்வை.

அதற்குப் பிறகு வணக்கம் போய் "மக்களேஏஏ!" வந்தது. வீடியோவின் முகப்புப் படத்துக்கு வாயைப் பிளந்து, கண்ணை உருட்டி, விரலை நீட்ட வேண்டுமாம். கண்ணாடி முன்னால் நின்று பழகினார். எங்கள் குட்டிப் பெண்ணும் பார்த்துப் பார்த்து வாயைப் பிளக்கக் கற்றுக்கொண்டாள். அந்த நேரம் பார்த்து ஒரு வாய் சோறு ஊட்டிவிடுவேன். இந்தத் தொழிலால் எங்கள் குடும்பம் கண்ட லாபம் அது ஒன்றுதான்.

குழவியில் கைப்பிடி செருகிய ஓட்டை ஒன்று உண்டு. அது குட்டி வெளியே வந்த வழி என்று பார்வையாளர்கள் ஏகமனதாகத் தீர்மானித்தார்கள். அப்படியானால் குட்டி எங்கே? இவர் மக்காச்சோளக் கொல்லைக்குள் கிசுகிசுத்துக்கொண்டே நடந்து, காலடித்தடம் ஒன்றைக் கண்டுபிடித்தார். நாலு லட்சம் பேர் மூச்சைப் பிடித்துக்கொண்டார்கள்.

பக்கத்து வீட்டுத் தனம் அக்கா வேலிக்கு அந்தப் பக்கமிருந்து கத்தினார். "ஏய் கலை! உன் வூட்டுக்காரரு என் வான்கோழி பின்னாடி போனைத் தூக்கிட்டு அலையுறாரு. அது பயந்துபோயி ரெண்டு நாளா முட்டையே வைக்கல. கேட்டியா?"

"கேட்டுட்டேன்க்கா. அவரு வச்சிட்டாரு."

பெரம்பலூரிலிருந்து சுரேஷ்குமார் என்று ஒரு பையன் வந்தான். அவனுக்கும் ஒரு சேனல். எங்கள் பட்டறை வாசலிலேயே நின்றுகொண்டு, 'மணிவண்ணனின் முட்டை போலியா?' என்று ஒரு வீடியோவும், 'போலி என்றவர்களுக்குப் பதிலடி' என்று இன்னொரு வீடியோவும் எடுத்தான். இரண்டுக்கும் ஒரே சட்டை. இடையில் என்னிடம் மோர் வாங்கிக் குடித்தான்.

இத்தனை பேர் பார்த்த பிறகு அரசாங்கம் பார்க்காமல் இருக்குமா? கிராம நிர்வாக அலுவலர் ராசாங்கம் சார் நேரில் வந்தார். வண்டியிலிருந்து இறங்கியதும், "கேமரா எந்தப் பக்கம்?" என்றார். முகத்தில் நிழல் விழுகிறது என்று சுரேஷ்குமார் சொன்னதால், மறுபடியும் இரண்டு தடவை வண்டியேறிப் போய்த் திரும்ப வந்து இறங்கினார். ஆய்வு மூன்றாம் தடவை சிறப்பாக அமைந்தது.

"சார், இது ஆட்டுக்கல் குழவிங்க" என்றேன்.

"நீங்க நிபுணராம்மா?"

"இல்லைங்க. இதுல மாவாட்டியிருக்கேன்."

"அப்ப உங்களுக்கும் இதுக்கும் சொந்த சம்பந்தம் இருக்கு. உங்க பேச்சு செல்லாது."

"சரிங்க, அந்த ஓட்டையைப் பாருங்க. கைப்பிடி செருகுறதுங்க அது."

"குட்டி வந்த வழின்னு ரெண்டாயிரம் பேர் எழுதியிருக்காங்க. கைப்பிடின்னு சொல்றது நீங்க ஒருத்தர். ஜனநாயக நாடும்மா இது."

பட்டறையைச் சுற்றிக் கயிறு கட்டப்பட்டது. மறு உத்தரவு வரும்வரை மேற்படி முட்டை வடிவப் பொருளை இருந்த இடத்திலிருந்து அசைக்கவோ, மறைக்கவோ, மூடவோ கூடாது என்று ஒரு காகிதம் ஒட்டப்பட்டது. குழவி சுருட்டிய படுதாவின் மேல் இருந்தது. குழவியை அசைக்காமல் படுதாவை விரிக்க முடியாது. நான் வானத்தைப் பார்த்தேன். எட்டு லட்சம் பேரில் ஒருவர்கூட அதைப் பார்த்ததாகத் தெரியவில்லை.

புரட்டாசிக் கடைசியில் ஒரு நாள் மத்தியானம் மேற்கே கருத்தது. ராசாங்கம் சாருக்குப் போன் போட்டேன்.

"சார், மழை வருதுங்க."

"அதுக்கு நான் உத்தரவு போடலையேம்மா."

"கல்லை எடுக்க உத்தரவு போடுங்க சார். வெங்காயம் பூரா நனைஞ்சிடும்."

"எப்படிப் போடறது? அது முட்டைன்னா கால்நடைத் துறை. கல்லுன்னா கனிமத் துறை. எந்தத் துறைன்னு கேட்டு மேலே எழுதியிருக்கேன். பதில் வரட்டும்."

பிள்ளையைத் தனம் அக்காவிடம் கொடுத்துவிட்டுப் பட்டறைக்கு ஓடினேன். கூட்டம் இருபது முப்பது பேர். அத்தனை பேர் கையிலும் போன். இவர் நேரலையில் இருந்தார்.

"ஏங்க, படுதாவை விரிங்க. தூத்தல் விழுது!"

"இரு கலை. ஒன்பதாயிரம் பேர் லைவ்ல இருக்காங்க. மழையில முட்டைக்கு என்ன ஆகும்னு ஓட்டெடுப்பு போயிட்டிருக்கு."

"வெங்காயத்துக்கு என்ன ஆகும்னு எனக்குத் தெரியும். தள்ளுங்க!"

உரச்சாக்குகளைக் கொண்டுவந்து வெங்காயத்தின் மேல் போட்டேன். "அக்கா, ஃபிரேம் மறைக்குது!" என்றான் சுரேஷ்குமார். மழை பிடித்துக்கொண்டது. இவர் சட்டென்று குடையை விரித்தார். சரி, மனுஷனுக்குப் புத்தி வந்துவிட்டது என்று நினைத்தேன். குடையைக் கொண்டுபோய்க் குழவிக்குப் பிடித்தார்.

கயிற்றை அறுத்தேன். குழவியைத் தூக்கித் தரையில் போட்டுவிட்டுப் படுதாவை இழுத்தேன். நனைந்த படுதா ஒரு ஆளுக்கு அடங்குமா? ஒரு கை கொடுங்கள் என்று கத்தினேன். எல்லார் கையும் போனில் இருந்தது. நான் கத்தியது நன்றாகப் பதிவாகியிருப்பதாக ஒருவன் பாராட்டினான். மூடி முடிப்பதற்குள் வெங்காயம் தண்ணீர் குடித்துவிட்டது.

'டைனோசர் முட்டையைத் தூக்கி எறிந்த பெண்' என்ற வீடியோவைப் பதினொரு லட்சம் பேர் பார்த்தார்கள். மூன்றாம் நாள் பட்டறை நாறியது. அழுகிய வெங்காயத்தைக் கூடை கூடையாக அள்ளிக் குப்பையில் கொட்டுவதை இவர் கண்ணீரோடு வீடியோ எடுத்துப் போட்டார். மறுபடியும் அதே நாற்பது பேர். "முட்டை எங்க ப்ரோ?" என்று ஒருவன் கேட்டிருந்தான்.

முட்டை பத்திரமாக இருந்தது. நான் அசைத்துவிட்ட குற்றத்துக்காக அதைப் பறிமுதல் செய்து ராசாங்கம் சாரின் ஆபீசுக்குக் கொண்டுபோயிருந்தார்கள். விளக்கம் எழுதிக் கொடுக்கப் போனபோது பார்த்தேன். காற்றில் அடித்துக்கொள்ளாமல் ஆபீஸ் கதவுக்கு முட்டாக வைத்திருந்தார்கள். அதுவாவது ஒரு வேலைக்குப் போய்விட்டது.

ராசாங்கம் சார் கதவைத் தாண்டி வந்து உட்கார்ந்தார். "இந்த மழையில நிறைய பேருக்கு வெங்காயம் போயிடுச்சும்மா. விழிப்புணர்வு பண்ணச் சொல்லி மேலேயிருந்து வந்திருக்கு. உங்க வீட்டுக்காரர் இப்ப பிரபலம். மழையில பட்டறையைக் காப்பாத்துறது எப்படின்னு ஒரு நல்ல வீடியோ போடச் சொல்லுங்க."

"ஏற்கெனவே போட்டிருக்காருங்க."

"எப்ப?"

"நீங்க பார்த்துட்டு ஓடிவந்தீங்களே சார், அந்த முட்டை வீடியோ. அதேதாங்க."

சார் மின்விசிறியைப் பார்த்தார். "அதைப் பூராவும் யாரும்மா பார்ப்பாங்க?"

அவரை மட்டும் சொல்லி என்ன? வீட்டுக்கு வந்து அன்றைக்குத்தான் நானும் அதை முதல் தடவையாகக் கடைசிவரை பார்த்தேன். முன்பு பார்த்தபோது, பின்னால் கொடியில் காயும் என் நைட்டி தெரிகிறதா என்று பார்த்துவிட்டு நிறுத்தியிருந்தேன். உரிக்கும் போதெல்லாம் வெங்காய விலையைத் திட்டுகிறீர்களே, நீங்கள் எத்தனையாவது விநாடியில் நிறுத்தினீர்களோ, தெரியாது.

பத்தாவது நிமிஷத்தில் இவர் கேமராவைப் பார்த்து நிதானமாகச் சொல்கிறார்: "மேகம் கூடிச்சுன்னா வேற எதையும் யோசிக்காதீங்க. முதல்ல கல்லை எடுத்துட்டுப் படுதாவை விரிங்க."

என் தோளுக்குப் பின்னாலிருந்து இவரும் பார்த்துக்கொண்டிருந்தார். வீடியோ முடிந்தது. இவருக்குக் கண் கலங்கியிருந்தது.

"தப்பு என்மேலதான் கலை" என்றார்.

அப்பாடா என்று திரும்பினேன்.

"முகப்புப் படத்துல அப்பவே வாயைப் பிளந்திருக்கணும்."