கந்தப்பன் சாமியும் கம்ப்யூட்டர் சனியும்

வெள்ளிக்கிழமையானால் மடுல்சீமைத் தோட்டத்தில் தேயிலைக் கொழுந்து பறிக்க ஆள் குறைவு. அரை நாள் பேரையும் கூலியையும் விட்டுவிட்டுச் சனம் குறி சொல்லும் கந்தப்பன் சாமியின் தகரக் கொட்டகை முன் வரிசையில் நிற்கிறது. கையில் பிள்ளையில்லை, மினி கம்ப்யூட்டர். எல்ல ஊர் ஹோட்டல்காரர்கள் கழித்துவிட்ட சின்னப் பெட்டிகள்.

பெட்டி படுத்துவிட்டால் புதுசு வாங்குவதா, உள்சாமானை மட்டும் மாற்றுவதா? படித்தவனே தலையைச் சொறிகிற கேள்வி. சாமிக்கு ஒரு எலுமிச்சம்பழம் போதும். பெட்டியை மேசையில் வைத்து, அதன் மேல் பழத்தை வைப்பார். வலப்பக்கம் உருண்டால் சாமானை மாற்றிப் பிழைக்கலாம். இடப்பக்கம் உருண்டால் ஆயுள் முடிந்தது. இதுவரை ஒரு பழமும் வலப்பக்கம் உருண்டதில்லை. அவ்வளவு ஒழுக்கமான பழங்கள். புதுப் பெட்டி? கொட்டகைக்குப் பின்னாலேயே சாமி சந்தனப் பொட்டு வைத்து விற்கிறார்.

கொழுந்து பறிக்கும் விஜயலெட்சுமி துவாய்த் துண்டில் சுற்றிய பெட்டியை நீட்டினாள்.

“பத்து நிமிசத்துல அணைஞ்சு போகுது சாமி. திங்கக்கெழம மகளுக்கு இதுலதான் வேலைக்குப் பரீட்ச.”

பழம் இடப்பக்கம் உருண்டது.

“சனி மூளையில உக்காந்துட்டான் தாயி. புதுசு எடுத்துக்க.”

“கையில ஒண்ணுமில்ல சாமி.”

“காதுல இருக்கே.”

அவள் விரல் தோட்டுக்குப் போனது. மகள் ஜெயந்தினி கையைப் பிடித்தாள். “கழட்டாதம்மா.”

“சாமி சொல்றாருடி.”

தேயிலை பேக்டரியில் காத்தாடி துடைக்கும் கிருஷ்ணராஜ், சாக்கில் சுற்றிய இன்னொரு பெட்டியோடு முன்னால் வந்தான்.

“பொறுங்கக்கா. சாமி, இதையும் ஒருக்கா பாருங்க.”

பழம் உருண்டது. எந்தப் பக்கமென்று சொல்லவும் வேண்டுமா?

“இது செத்து மூணு வருசமாச்சு. எவன் ஒன் தலையில கட்டுனான்?”

“நீங்கதான். போன வெள்ளி நம்ம ரமேஸுக்குப் புதுசுன்னு வித்தீங்க. அடியில ஒங்க சந்தனப் பொட்டு இருக்கு.”

கவிழ்த்துக் காட்டினான். பிறகு பழத்தை வெறும் மேசையில் வைத்தான். அப்போதும் இடப்பக்கமே ஓடியது. குனிந்து பார்த்தால், மேசையின் வலப்பக்கக் கால்களுக்கு அடியில் இரண்டு மரத்துண்டு.

“மேசைக்கும் சனியா சாமி?” என்றாள் வரிசையில் நின்ற பெரியாயி. சாமிக்கு அவசரமாகப் பதுளை பஸ் ஞாபகம் வந்தது. ஓடினார்.

கிருஷ்ணராஜ் விஜயலெட்சுமியின் பெட்டியைக் கழற்றினான். உள்ளே சூட்டைத் தணிக்கும் குட்டிக் காத்தாடியே தெரியவில்லை. சாம்பலும் கரியும்.

“இத எங்கக்கா வச்சிருந்தீங்க?”

“வீட்டுச் சாமி படத்துக்குப் பக்கத்துலதான். செவ்வா, வெள்ளி சாம்பிராணி காட்டுவேன். படிப்பு குடுக்குற சாமானாச்சே.”

“அதான் சூடேறி மூச்சு முட்டுது. பேக்டரி காத்தாடியில தூசி அடைச்சா தொடைக்கிறோமா, புது பேக்டரி கட்டுறோமா?”

பிரஷால் துடைத்துப் போட்டான். ஒரு மணி நேரம் ஓடியும் அணையவில்லை.

“பரீட்சைக்கு இது போதும். வேகம் பத்தலன்னா பொறகு ரேம் மட்டும் கூட்டிக்கலாம்.”

விஜயலெட்சுமி தோட்டைத் தொட்டுப் பார்த்துக்கொண்டாள். பெரியாயி தன் போனை நீட்டினாள்.

“தம்பி, ஒங்க கை ராசியான கை. இதயும் கொஞ்சம் தொட்டுக் குடுங்க.”

கும்பிட அடுத்த ஆளைத் தேடுகிற சனங்களே, எப்படி என்று ஒரு தடவை கேட்டுப் பாருங்கள். கேள்விக்குக் காணிக்கை கிடையாது.