நடு ஆத்துல ரெண்டு பேட்டரி

மாமியார் ஊட்டுக்குப் போகணும். ஆனா மாமியார் ஊட்டுல இருக்கக் கூடாது. இதுக்கு ஒரு வழி கண்டுபிடிச்சே தீர்றதுன்னு சபதம் போட்டேனுங்க. கண்டும் பிடிச்சேன். ஒரு எஞ்சின் படகு வாங்கிப்போட்டேன்.

சிரிக்காதீங்க. நான் பட்ட பாட்டைக் கேட்டுப்போட்டுச் சிரிங்க. பேரு கிருபாசங்கர். கோயமுத்தூர் கணபதியில மோட்டார் பட்டறை. பம்புசெட்டோ கிரைண்டரோ, எது வந்தாலும் காயில் கட்டி ஓட வெச்சுத் தாட்டி உட்டுருவேன். வாரத்துல ஞாயித்துக்கிழமை மட்டும் லீவு. அந்த ஒரே நாளும் கொடுமுடியில மாமியார் ஊடு.

மாமியார் பேரு பாவாத்தாள். மரியாதைக்கு ஒண்ணும் குறைச்சல் இல்லீங்க. "வாங்க மாப்ள, உக்காருங்க மாப்ள, காப்பி குடிங்க மாப்ள"ம்பாங்க. டம்ளரைக் கீழ வைக்கறதுக்குள்ள மடியில ஒரு மிக்ஸி உக்காந்திருக்கும். அந்த வீதியில எது ரிப்பேரானாலும் கடைக்குப் போறதே இல்லை. "ஞாயித்துக்கிழமை பாவாத்தாக்கா மாப்ள வருவாருங்க"ன்னு துணி போட்டு மூடி வெச்சுக்குவாங்க. நான் விருந்துக்குப் போய்க் கோழிக்குழம்பு தின்னதை விட கிரீஸ் தின்னதுதான் ஜாஸ்தி.

மாட்டேன்னு சொல்ல வேண்டியதுதானேம்பீங்க. மாமியார்கிட்ட மாட்டேன்னு சொல்ற மாப்பிள்ளை எங்க பக்கத்துல இன்னும் பொறக்கலைங்க.

ஊட்டுக்குப் பின்னாலயே காவேரி. அணைக்கட்டுத் தண்ணி குளமாட்டம் நிக்கும். நடு ஆத்துல நங்கூரத்தைப் போட்டுட்டா எந்த மிக்ஸி நீந்தி வரும்?

படகுல ஒரே பேட்டரிதான் இருந்துச்சு. ஃபேன், குட்டி ஃபிரிட்ஜ், டிவி எல்லாத்தையும் அதுல ஓட்டினா, சாயங்காலம் எஞ்சினை எழுப்ப உசுரு இருக்காது. அதனால இன்னொண்ணு வாங்கினேன். ஒண்ணு எஞ்சினுக்கு, ஒண்ணு என் சொகுசுக்கு. நடுவுல திருகுற ஸ்விட்ச். சிவப்பு வயரு, கருப்பு வயரு, ஃபியூஸுன்னு, சும்மா சொல்லக் கூடாதுங்க, கல்யாணப் பொண்ணாட்டம் சோடிச்சு வெச்சிருந்தேன்.

என் ஊட்டுக்காரி கீதா கரையில நின்னு பார்த்துட்டு இருந்தா.

"ஏனுங்க, ஒரு படகுக்கு எதுக்குங்க ரெண்டு பேட்டரி?"

யாராவது கேக்க மாட்டாங்களான்னு ஏங்கிக்கிட்டு இருந்தவன் நான். உடுவேனா?

"கேளு கண்ணு. ஸ்விட்சை ரெண்டுல வெச்சா, ஃபேன் எல்லாம் ரெண்டாவது பேட்டரியை மட்டும்தான் குடிக்கும். அது செத்தாலும் ஒண்ணாவது முழுசா இருக்கும். ஒண்ணுக்குத் திருப்பி எஞ்சினைத் தட்டினா, நேரா கரைக்கு வந்துரலாம்."

"அட, என்ன மூளைங்க உங்களுக்கு! ஆமா, மூணாவதா ஒரு கோடு போட்டிருக்குதுங்களே?"

"அது ரெண்டையும் சேர்த்துரும். அதுல வெச்சு ஃபேனை ஓட்டினா ரெண்டும் ஒண்ணாச் செத்துப்போகும். எந்தக் கிறுக்கனும் அதுல வெக்க மாட்டான்."

"அப்படீங்களா"ன்னா.

கல்யாணமாகி இத்தனை வருசத்துல அவ அப்படி அடக்கமா "அப்படீங்களா"ன்னப்ப எல்லாம் எனக்குச் செலவுதான் வந்திருக்கு. புத்தி வரலையே!

அடுத்த ஞாயித்துக்கிழமை ஸ்விட்சை ரெண்டுல வெச்சுட்டுப் படகை இறக்கினோம். கீதா படகுல ஏறி, மோரு ஊத்தின தூக்குப்போசியை உள்ள கொண்டு போய் வெச்சா. வெக்க ரொம்ப நேரம் ஆச்சு.

"துடுப்பை எடுத்துக்குங்க மாப்ள"ன்னாங்க மாமியார்.

"ரெண்டு பேட்டரி இருக்கற படகுக்குத் துடுப்பு எதுக்குங்க அத்தை?"ன்னு கரையிலேயே போட்டுட்டுக் கிளம்பிட்டேன்.

ஆஹா! நடு ஆறு. மேல ஃபேன், கையில சில்லுனு மோரு, எதிர்ல கிரிக்கெட்டு. மடியில மிக்ஸி இல்லாத மொத ஞாயித்துக்கிழமைங்க. சந்தோசத்துல கண்ணு சொக்கித் தூங்கிப்போட்டேன்.

வேர்த்து முழிச்சேன். ஃபேன் நிக்குது. ரெண்டாவது பேட்டரி போச்சாட்டம் இருக்குது, போகட்டும்னு ஸ்விட்சுல கையை வெச்சேன். முள்ளு மூணாவது கோட்டுல நிக்குது! ஒண்ணுக்குத் திருப்பிச் சாவியைப் போட்டேன். "டிக்"னுச்சு. அவ்வளவுதான். அழுகையே வந்துருச்சுங்க.

அதுக்காகவே காத்துட்டு இருந்த மாதிரி கரையிலிருந்து ஒரு பரிசல் கிளம்புச்சு. பரிசல்கார அன்புமணி துடுப்புப் போடறாரு. நடுவுல கீதா, மாமியார், மிக்ஸிக, டேபிள் ஃபேனு, ஒரு ஜூஸர். கீதா காலடியில ஒரு பேட்டரி.

"ஏனுங்க, வண்டி நின்னுபோச்சுங்களா?"

"ஸ்விட்சைத் தொட்டது யாரு அம்மணி?"

"போசி வெக்கறப்ப முழங்கை இடிச்சிருக்குமுங்க."

"சரி, அந்த பேட்டரியைக் கொடு."

"கொடுக்கறேனுங்க. அதுக்குள்ள இந்த மிக்ஸியை ஒரு பார்வை பார்த்துருங்க. சும்மாதானே உக்காந்திருக்கறீங்க?"

"டூல்ஸ் இல்லை!"

"எடுத்தாந்திருக்கறேனுங்க."

"நான் பரிசல்ல ஏறிக்கறேன்!"

"இடமில்லீங்க மாப்ள"ன்னாங்க மாமியார். "நீங்க நிதானமாப் பாருங்க. காப்பி கொண்டாந்திருக்கறேன்."

அன்புமணி மூஞ்சியை அந்தப் பக்கம் திருப்பிக்கிட்டாரு. முதுகு மட்டும் குலுங்குது.

பொழுது சாயற வரைக்கும் பார்த்தேனுங்க. ஒண்ணுல கார்பன் தேய்ஞ்சிருக்கு, ஒண்ணுல வயரு அந்திருக்கு, ஜூஸர்ல பாதி மாதுளம்பழமே கிடக்குது. வெய்யில்ல, ஃபேன் இல்லாம, ஃபேன் ரிப்பேர் பண்ணினேன். கையில சுத்திப் பார்த்தா எல்லாம் வெண்ணெயாட்டம் சுத்துது.

"இப்பக் கொடு"ன்னேன்.

கொடுத்தா. மாட்டினேன். சாவியைப் போட்டேன். "டிக்"கு கூட இல்லை.

"என்ன அம்மணி, இது செத்த பேட்டரி!"

"ஆமாங்க. அம்மா ஊட்டு இன்வெர்ட்டர்ல கழட்டினது. அதும் ரிப்பேர்தானுங்க. அதைத்தான் கடைசியாக் காட்டலாம்னு வெச்சிருந்தேன்."

"அடிப்பாவி! அப்புறம் எப்படிக் கரைக்குப் போறது? இருட்டப் போகுது!"

கீதா அலுங்காம என் படகுக்கு மாறினா. சேலையை இழுத்துச் செருகினா. எஞ்சின் மூடிக்குக் கீழ கையை உட்டு, ஒரு கைப்பிடியைப் பிடிச்சு வெடுக்குனு இழுத்தா. கயிறு நீளமா வந்துச்சு. எஞ்சின் "டுர்ர்ர்"னு ஓட ஆரம்பிச்சுது.

எனக்கு வாயை மூடவே மறந்துபோச்சு. "பேட்டரியே இல்லாம, கயித்துல ஓடுமா இது? உனக்கு யாரு சொன்னது?"

"படகு வாங்குன அன்னைக்கே வித்தவர் சொன்னாருங்க. அவரு சொல்லச் சொல்ல நீங்க காதுல வாங்காம, அவருக்கே ரெண்டு பேட்டரி பத்திப் பாடம் நடத்திக்கிட்டு இருந்தீங்க."